கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஜிமேட் டியூஷன் தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

48 ஆயிரம் ரூபாயும் நான்கு மாதமும் போன பிறகு இதை எழுதுகிறேன். டியூஷன் எடுத்தவரின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏ யோசிக்கிற பிள்ளைகள் என் பஸ்ஸிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அடுத்து அந்த மாடிப்படி ஏறிவிடக் கூடாது.

எனக்குக் காவேரிப்பட்டணம். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஐந்து வருஷமாக வேலை. ஹைதராபாத் ஐஎஸ்பியில் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) ஒரு வருட மேலாண்மைப் படிப்பு என்பது பல நாள் ஆசை. ஐஐஎம் போன்ற இடங்களுக்கான கேட் (CAT) தேர்வு வருஷத்துக்கு ஒரே தடவை, நவம்பரில். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வருஷம் போச்சு. ஜிமேட்டும் எம்பிஏவுக்கான நுழைவுத் தேர்வுதான், ஆனால் அதை நமக்கு வசதியான தேதியில் எழுதலாம், மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிற எனக்கு அதுதான் ஒத்துவந்தது.

கிருஷ்ணகிரியில் கேட், தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் என்றால்கூட விசாரிக்க நாலு இடம் உண்டு. ஜிமேட் என்றால் "அது என்னம்மா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெங்களூரு போகலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அதையும் தேசிய நெடுஞ்சாலையிலேயே கழித்துவிட முடியாது. அந்த நேரத்தில்தான் என் மாமா ஒருவரைச் சொன்னார். மாமா மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், நல்ல மார்க் வாங்க வைத்தவர். "தெரிஞ்ச மனுசன் பாப்பா, கண்ணை மூடிக்கிட்டு சேரலாம்" என்றார் மாமா. மாமா மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. அவர் சொன்னது பொய்யில்லை. பிளஸ் டூ கணக்கு அந்த சாருக்கு நன்றாகவே தெரியும். கெட்டிக்கார பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஜிமேட்டுக்கும் சரியாகத்தான் இருப்பார் என்று நாங்கள் நினைத்ததுதான் தப்பு.

ஜனவரி 2025, பொங்கல் கழிந்த ஞாயிறு, நானும் அப்பாவும் போனோம். கடைக்கு மேலே முதல் மாடி. சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ்: கோட் போட்ட சாரின் படம், கீழே பெரிய எழுத்தில் "ஜிமேட் 760". எப்போது எழுதினீர்கள் சார் என்று கேட்டேன். "போன ஆகஸ்ட்லதாம்மா. சும்மா பேட்டர்ன் தெரிஞ்சுக்கலாம்னு போய் எழுதினேன்" என்றார். அப்பா அப்படியே மலைத்துப் போனார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 760-ஐப் பற்றியேதான் பேசினார்.

கட்டணம் 48 ஆயிரம். தனியாக எனக்கு மட்டும் வகுப்பு, ஞாயிறு நேரில் மூன்று மணி நேரம், புதன் ராத்திரி ஆன்லைனில் ஒன்றரை மணி நேரம் என்று பேச்சு. மாதா மாதம் கட்டுவதென்றால் 60 ஆயிரம் ஆகும், மொத்தமாகக் கட்டினால் 48 என்றார். எங்கள் தோப்பில் பெங்களூரா மாங்காய்க்குக் குத்தகைதாரர் கொடுத்த முன்பணத்திலிருந்து அப்பா 30 ஆயிரத்தை ரொக்கமாக எண்ணி வைத்தார். மீதி 18 ஆயிரத்தை நான் கூகுள் பேயில் அனுப்பினேன். அதுவும் சார் பெயரில் இல்லாத கணக்குக்கு. "வீட்டுக்காரம்மா அக்கவுண்ட்" என்றார். ரசீது என்று கிடைத்தது ஒரு கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த கால் தாள். "ரூ.30,000 பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே ஒரு கிறுக்கல். தேதி இல்லை, எதற்கு வாங்கினார் என்று இல்லை, முத்திரை இல்லை. 18 ஆயிரத்துக்கு அதுவும் கிடையாது.

இரண்டாவது ஞாயிறே அறையில் இன்னும் ஆறு பேர். நாலு பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், இரண்டு பேர் டான்செட். "கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதானேம்மா" என்றார். புதன்கிழமை ஆன்லைனில் வந்தது சார் இல்லை, கல்லூரி முடித்த ஒரு பையன். அவன் பிடிஎஃப்பைத் திரையில் வைத்து வாசித்தான்.

படிக்கக் கொடுத்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புத்தகம். எந்தப் பதிப்பு, எந்த வருஷம் என்று இருக்க வேண்டிய பக்கம் மட்டும் இல்லை. அதை வைத்து ஆறு வாரம் சென்டன்ஸ் கரெக்‌ஷன் நடந்தது. ஒரு வாக்கியத்தின் அடிக்கோடிட்ட பகுதியை இலக்கணப்படி திருத்துகிற கேள்வி அது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து, தூக்கத்தை விட்டு, நானூறுக்கும் மேல் வாக்கியம் திருத்தினேன். பிறகு மூன்று வாரம் வட்டம், முக்கோணம், உருளை. நடுவில் கட்டுரை எழுதுவதற்கு ஒரு மாதிரியைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். அதையும் செய்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், எவ்வளவு தேறியிருக்கிறேன் பார்ப்போம் என்று ஜிமேட்டின் அதிகாரபூர்வத் தளமான எம்பிஏ டாட் காமில் கணக்குத் திறந்தேன். அங்கே இரண்டு முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். ஜனவரியிலேயே இது எனக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. முதல் தேர்வை எழுதினேன். 64 கேள்வி, இரண்டே கால் மணி நேரம். சென்டன்ஸ் கரெக்‌ஷன் ஒன்றுகூட வரவில்லை. வட்டமும் முக்கோணமும் வரவில்லை. கட்டுரை இல்லை. டேட்டா இன்சைட்ஸ் என்று ஒரு முழுப் பகுதி, 20 கேள்வி, அட்டவணையும் வரைபடமும் மின்னஞ்சல் மாதிரி துண்டுத் துண்டுச் செய்திகளுமாக. அப்படி ஒன்று இருக்கிறது என்று அந்த நான்கு மாதத்தில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. வந்த மதிப்பெண் 475.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். பழைய ஜிமேட் 2024 ஜனவரி 31-ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருப்பது புதிய வடிவம் மட்டும்தான். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம்: கணக்கில் 21, ஆங்கிலத்துக்கான வெர்பலில் 23, டேட்டா இன்சைட்ஸில் 20. சென்டன்ஸ் கரெக்‌ஷனையும் வடிவியலையும் கட்டுரையையும் எடுத்தே விட்டார்கள். கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கிற டேட்டா சஃபிஷியன்சியைக் கணக்கிலிருந்து டேட்டா இன்சைட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, நான் சேர்ந்த அன்றைக்கே அந்த ஜெராக்ஸ் புத்தகம் ஒரு வருஷம் பழசு.

அடுத்து கண்ணில் பட்டதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. புதிய வடிவத்தில் மதிப்பெண் 205, 215, 225 என்று பத்துப் பத்தாக ஏறி 805-ல் முடிகிறது. எந்த மதிப்பெண்ணை எடுத்தாலும் கடைசி எண் 5. சார் எழுதியதாகச் சொன்னது 2024 ஆகஸ்ட். அந்தத் தேர்வில் 760 என்ற மதிப்பெண்ணே யாருக்கும் வராது.

அடுத்த ஞாயிறு நேராகப் போய்க் கேட்டேன். அலைபேசியில் ஒரு டேட்டா இன்சைட்ஸ் கேள்வியைக் காட்டி, "இதைப் போட்டுக் காட்டுங்க சார்" என்றேன். வாங்கிப் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். போர்டில் இரண்டு வரி எழுதி உள்ளங்கையால் அழித்தார். கையெல்லாம் மார்க்கர் மை. "இதெல்லாம் அதிகமா வராதும்மா" என்று அலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். தேர்வில் மூன்றில் ஒரு பகுதி அது. மதிப்பெண் அறிக்கையைக் காட்டுங்கள் என்றதற்கு, "நம்பிக்கை இல்லாத இடத்துல படிப்பு ஏறாது" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. இன்னும் 12 ஆயிரம் கொடுத்தால் ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிடுவாராம், அந்த வாரம் தேர்வு எழுதி வந்தவர்கள் சொல்கிற அசல் கேள்விகள் அதில் வருமாம். கூடவே என் எம்பிஏ டாட் காம் கடவுச்சொல்லையும் கேட்டார், "நானே ஸ்லாட் போட்டுத் தரேன்" என்று.

இந்த இடத்தில் தயவுசெய்து நிதானியுங்கள். டியூஷன் பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தக் குழுவில் சேர்ந்தது தெரிந்தால் தேர்வையே இழக்க வேண்டியிருக்கும். 2008-ல் இப்படித்தான் தேர்வு எழுதி வந்தவர்கள் சொன்ன கேள்விகளை விற்ற ஒரு இணையதளத்தை ஜிமேட் நடத்தும் அமைப்பு நீதிமன்றத்துக்கு இழுத்தது. அதைப் பயன்படுத்திய 84 பேரின் மதிப்பெண்ணை ரத்து செய்தது. தேர்வுக்கு உட்காரும்போதே கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறோம். கடவுச்சொல்லை யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள்.

நான் படி இறங்கி வந்துவிட்டேன். அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. மாம்பழ சீசன், அப்பா தோப்பில் இருந்தார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பணம் போவட்டும் கண்ணு, நீ பரிட்சையை விட்றாத" என்றார்.

ஜூனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். வகுப்பு முழுவதும் நடந்துவிட்டது என்று சார் பதில் கொடுத்தார். ஆனால் அடுத்த வாரமே மாமா மூலமாகப் பத்தாயிரம் வந்தது, "இதோட முடிச்சுக்கோங்க" என்ற சொல்லோடு. முடித்துக்கொள்ளவில்லை. கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியாக மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கையில் இருக்கும் ஆதாரம் வாட்ஸ்அப் பேச்சும், கூகுள் பே பதிவும், ஃப்ளெக்ஸைப் பின்னணியில் வைத்து அப்பா சேர்ந்த அன்று ஆசையாக எடுத்த ஒரு படமும். ரொக்கமாகக் கொடுத்த 30 ஆயிரத்தை நிரூபிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கால் தாளைப் பார்த்த வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கினார். தயவுசெய்து ரொக்கம் வேண்டாம். வேறு ஆள் கணக்குக்கும் அனுப்பாதீர்கள்.

டியூஷனே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் பிறகும் ஒருவரிடம் படித்தேன், ஆன்லைனில், ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், அந்தந்த வகுப்பு முடிந்த பிறகு பணம். சேரும் முன் அவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். தன் கணக்கில் நுழைந்து திரையைப் பகிர்ந்து மதிப்பெண்ணைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் காட்டினார். அதிகாரபூர்வ மாதிரித் தேர்விலிருந்து, எதைக் கேட்பேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல் மூன்று கேள்விகளைக் கொடுத்து என் எதிரிலேயே போடச் சொன்னேன். இரண்டை வாயால் பேசிக்கொண்டே இரண்டு இரண்டு நிமிடத்தில் முடித்தார். மூன்றாவதில் விடை தப்பு. "ஒரு நிமிஷம்ங்க, நான் எங்கே வழுக்கினேன்னு பார்ப்போம்" என்று திரும்ப முதலிலிருந்து வந்து, தப்பான வரியைக் கண்டுபிடித்துக் காட்டினார். அந்த நிமிடமே அவரிடம் சேர முடிவு செய்தேன். கணக்குக்கு மொத்தம் 45 நிமிடம், 21 கேள்வி. போர்டு முழுக்க படி படியாக எழுதுகிற வித்தைக்கு அங்கே நேரமே இல்லை. எதை விடுவது, எங்கே திரும்பிப் பார்ப்பது என்று சொல்லித் தருகிற ஆள்தான் வேண்டும். புதிய வடிவத்தில் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று விடைகள் வரை திரும்பி வந்து மாற்றலாம் என்பதையே அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அக்டோபரில் பெங்களூரில் எழுதினேன். 615. நான் நினைத்த அளவுக்கு இல்லை. மறுபடி எழுதப் போகிறேன், பணம் சேர்ந்ததும்.

போன வாரம் மாமா ஒரு வாட்ஸ்அப் படத்தை எனக்கு அனுப்பினார். சாரின் புது விளம்பரம், ஜனவரி பேட்ச் சேர்க்கை. அதே கோட் படம், அதே 760. இந்தப் படம் உங்களுக்கும் வந்தால், எழுதிய தேதியைக் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சேர்ந்து ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். என் மனுவோடு உங்கள் கூகுள் பே பதிவும் சேர்ந்தால் பலமாக இருக்கும் என்று வழக்கறிஞர் சொல்கிறார்.