டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்திடம் கடையின் கணக்குகளை ஒப்படைக்கும் முன்: சென்னிமலையிலிருந்து ஓர் எச்சரிக்கை

2025ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் தேதி வந்தது. சென்னிமலை அடிவாரத்தில் கைத்தறிப் போர்வைக் கடை வைத்திருக்கும் எங்களுக்குத் தேர்த்திருவிழாவை ஒட்டிய நாட்கள்தான் தீபாவளிக்கு அடுத்த பெரிய வியாபாரம். மலையிறங்கி வரும் பக்தர்கள் ஊர் திரும்பும் முன் இரண்டு பெட்ஷீட்டும் நான்கு துண்டும் வாங்கிப் போவது எங்கள் மாமனார் காலத்திலிருந்து நடக்கிறது. அந்தத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, ஆண்டுதோறும் வரும் பெருந்துறை ஆசிரியை ஒருவர் கடை வாசலில் நின்று, "ஏனுங்க அக்கா, கடையை மூடியாச்சுன்னு மேப்புல போட்டிருக்குதே?" என்று கேட்டார். அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தோம். கூகுள் மேப்பில் எங்கள் கடையின் பெயருக்குக் கீழே "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று இருந்தது. வழி தெரிந்தவர் என்பதால் அவர் வந்துவிட்டார். அதைப் படித்துவிட்டு வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எங்களால் ஒருநாளும் அறிய முடியாது.

அந்தச் சொற்களை யார் பதித்தார்கள் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரு கடை மூடப்பட்டுவிட்டதாகப் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் கூகுளுக்குத் தெரிவிக்க முடியும். ஆனால் அந்தப் பக்கத்தின் உரிமையாளர் உள்ளே போய் அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். எங்கள் கடையின் பக்கத்துக்கு அன்று உரிமையாளர் நாங்கள் இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பு நாங்கள் வேண்டாம் என்று விலக்கிய ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம். எங்கள் கடையின் உரிமை எப்படி அவர்கள் கைக்குப் போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2023 ஜூன் மாதம் அந்நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், எங்கள் சரக்கைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். மாதம் 8,000 ரூபாய் அவர்களுக்குக் கட்டணம், 10,000 ரூபாய் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரங்களுக்கு, இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று முடிவாயிற்று. ஆக மாதம் 21,240 ரூபாய். எங்களைப் போன்ற கடைக்கு அது சிறிய தொகை இல்லை. ஆனாலும் பக்கத்துக் கடைகள் இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்த நேரம் என்பதால், பிள்ளைகளும் சொன்னதன்பேரில் ஒத்துக்கொண்டோம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஏழு பக்கம் இருந்தது. தொகையை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்திட்டோம்.

வேலையைத் தொடங்க என்று அவர்கள் கேட்டவை மூன்று. முதலாவது, என் கணவர் பல ஆண்டுகளுக்கு முன் தன் ஜிமெயிலில் தொடங்கிய, மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் பக்கத்தில் அவர்களையும் உரிமையாளராகச் சேர்க்க வேண்டும் என்பது. அந்தப் பக்கத்தில் மேலாளர், உரிமையாளர், முதன்மை உரிமையாளர் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. படம் போடவும் விமர்சனங்களுக்குப் பதில் எழுதவும் மேலாளர் நிலையே போதும். எங்களுக்கு அது தெரியாது. "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள்" என்றார்கள், சொன்னோம். முதன்மை உரிமை அவர்களுக்கு மாறிய விவரம் ஒன்றரை ஆண்டுகள் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது, இணையதளத்துக்கான பெயரைத் தாங்களே பதிவு செய்து தருவதாகச் சொன்னார்கள். பதிவுச் செலவை எங்களிடம் வாங்கிக்கொண்டு பெயரைத் தங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்தார்கள். மூன்றாவது, பில் போடும் கணினியில் இருந்த வாடிக்கையாளர் பட்டியல்: பெயர், ஊர், கைபேசி எண் என்று ஏறத்தாழ 3,200 பேர். "இவர்களைப் போன்றவர்களை ஃபேஸ்புக்கே தேடித் தரும்" என்று விளக்கினார்கள். அப்படி ஒரு வசதி உண்மையாகவே இருக்கிறது. ஆகவே சந்தேகப்படத் தோன்றவில்லை.

மாதாமாதம் ஓர் அறிக்கை வரும். இத்தனை லட்சம் பேருக்குக் காட்டப்பட்டது, இத்தனை ஆயிரம் பேர் விரும்பினார்கள், இத்தனை 'லீடு', அதாவது வாங்க விரும்புவோரின் விசாரிப்பு, வந்தது என்று வண்ணப் படங்களோடு இருக்கும். எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. கல்லாவில் அதன் அடையாளம் எதுவும் தெரியவில்லை. கேட்டால், "பிராண்டு வளர ஓராண்டு ஆகும்" என்பார்கள். கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகள் ஒரு விடுமுறையில் வந்தபோதுதான், இணையதளத்துக்கு யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸை எங்களுக்குத் திறந்து காட்டும்படி அவர்களிடம் பிடிவாதமாகக் கேட்டாள். வந்ததாகச் சொன்ன ஆயிரக்கணக்கானோரில் பெரும்பகுதியினர் நாங்கள் சரக்கே அனுப்பாத வெளிநாட்டு ஊர்களைச் சேர்ந்தவர்கள். பக்கத்தில் அவர்கள் இருந்த நேரம் ஒரு நொடிகூட இல்லை. 'லீடு' என்று எண்ணப்பட்டவை, விளம்பரத்தில் இருந்த எங்கள் எண்ணின் மீது விரல் பட்ட தடவைகள். அழைப்பு வந்து சேர்ந்ததா, யாராவது ஒரு துண்டாவது வாங்கினார்களா என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அவளே எங்களுக்கு இன்னொன்றையும் காட்டினாள். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் 'ஆட் லைப்ரரி' என்ற ஒரு பக்கத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது. எந்தக் கடையின் பெயரை அதில் தேடினாலும், அக்கடை அந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் விளம்பரங்களும் அவை தொடங்கிய தேதியும் தெரியும். பணம் கட்ட வேண்டியதில்லை, கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் மாதம் முழுவதும் நாள்தோறும் காலையிலும் இரவிலும் எங்கள் கடையின் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒன்பது நாட்கள் தவிர மற்ற நாட்களில் ஒரு விளம்பரமும் இல்லை. அந்த மாத அறிக்கையிலோ 10,000 ரூபாயும் செலவானதாக இருந்தது. மெட்டாவும் கூகுளும் தாங்கள் பெற்ற தொகைக்குத் தரும் பில்களைக் காட்டச் சொன்னோம். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே கணக்கில் விளம்பரம் ஓடுவதால் தனி பில் தர முடியாது என்று பதில் வந்தது. நாங்கள் அன்றே விலகியிருக்க வேண்டும். தீபாவளி நெருங்குகிறதே என்று பொறுத்துக்கொண்டோம். அந்தப் பொறுமையே பெரிய இழப்பாக முடிந்தது.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், வாழ்த்துச் செய்தி அனுப்புவதாகச் சொல்லி எங்கள் கடையின் வாட்ஸ்அப்பைத் தங்கள் கணினியில் இணைத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் அப்போது 256 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் அனுப்ப விரும்பியவர்கள், பணம் செலுத்திப் பயன்படுத்தும் அதிகாரபூர்வமான ஏபிஐ என்ற இணைப்பு வசதி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. இவர்கள் அந்தச் செலவைத் தவிர்க்க, வெளியார் செய்த ஏதோ ஒரு மென்பொருளைக் கொண்டு எங்கள் பட்டியலுக்கும், அதோடு எங்கிருந்தோ பெற்ற பல ஆயிரம் எண்களுக்கும் ஒரே இரவில் அனுப்பினார்கள். முன்பின் தெரியாத கடையிலிருந்து செய்தி வந்தால் மக்கள் புகார் செய்யத்தானே செய்வார்கள்? காலையில் எண் முடக்கப்பட்டிருந்தது. மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம், மறுக்கப்பட்டது.

கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் பைகளிலும் அச்சிட்டிருந்த எண் அது. ஊட்டியிலும் ஏற்காட்டிலும் இருக்கும் தங்கும் விடுதிக்காரர்கள் படத்தோடும் அளவோடும் ஆர்டர் அனுப்பி வந்த எண் அது. நெசவாளர்களுக்குப் பாவு கொடுத்து, தறியிலிருந்து அறுத்து, தைத்து, அடுக்கி வைத்த சரக்கு கடையில் இருந்தது. எந்த விடுதிக்கு எந்த நிறத்தில் எத்தனை என்ற விவரம் மட்டும் திறக்க முடியாத அந்தக் கணக்குக்குள் போய்விட்டது. என் கணவர் ஒவ்வொருவராக அழைத்துத் திரும்பக் கேட்டு எழுதினார். நான்கு பேர் அதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டிருந்தார்கள்.

நவம்பரோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஜனவரியில் என் அம்மாவுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. வேறொரு ஊர்க் கடையின் பொங்கல் தள்ளுபடி அறிவிப்பு. "வணக்கம் மில் வீட்டு அம்மா" என்று அது தொடங்கியிருந்தது. என் அம்மாவை அந்தப் பெயரில் உலகத்தில் யாரும் அழைப்பதில்லை. எங்கள் பில் கணினியில், கடைப் பையன் எப்போதோ அவருடைய எண்ணுக்கு நேராகத் தட்டி வைத்த பெயர் அது. எங்கள் பட்டியல் எங்கிருந்து எங்கே போனது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சேகரித்தவர் அதைக் கையாளும் வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்தாலும், பொறுப்பு சேகரித்தவருடையதே என்று சொல்கிறது. அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் காலத்தில், இப்படிப் பட்டியலைக் கைவிட்ட கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டம் இருக்கட்டும், நம்பி எண் கொடுத்த 3,200 குடும்பங்களிடம் நான் என்ன சொல்வேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பதினெட்டு மாதங்களில் நாங்கள் கொடுத்தது 3,82,320 ரூபாய். அதில் ஜிஎஸ்டி மட்டும் 58,320 ரூபாய். எங்கள் ஆடிட்டர் கணக்குப் பார்த்தபோது, அவர்கள் தந்த பில்களில் பெரும்பாலானவை எங்களுடைய ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையில் வரவே இல்லை. பில் கொடுத்தவர் அரசிடம் கணக்குக் காட்டினால்தான் அது அந்த அறிக்கையில் வரும். வந்தால்தான் நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். மாதாமாதம் இதைப் பார்த்திருந்தால் மூன்றாம் மாதமே எச்சரிக்கை அடைந்திருப்போம்.

மேப் பக்கத்தை எப்படி மீட்டோம் என்பது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவும். கூகுளில் நம் கடையைத் தேடி, உரிமை கோரும் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். இப்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல மூன்று நாட்கள் தருகிறார்கள். அவர்கள் மௌனமாக இருந்தார்கள். அதன்பிறகு எங்களைக் காணொளி எடுத்து அனுப்பச் சொன்னது கூகுள். தெருவிலிருந்து தொடங்கி, கடைப் பலகை, ஷட்டர் பூட்டைத் திறப்பது, உள்ளே பில் போடும் இடம் வரை நிறுத்தாமல் எடுத்து அனுப்பினோம். பக்கம் திரும்பி வந்தபோது திருவிழா முடிந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. இணையதளப் பெயருக்கு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். பாக்கி தீரும்வரை தாங்கள் உருவாக்கிய டிஜிட்டல் சொத்துகள் அனைத்தும் தங்களுடையவை என்று நாங்கள் படிக்காமல் கையெழுத்திட்ட ஒன்பதாவது பிரிவைக் காட்டிப் பதில் அனுப்பினார்கள். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு நுகர்வோர் ஆணையத்தில் பொதுவாக இடமில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது, சேவைக்கும் அதே வாதத்தை வைத்துப் பார்க்கலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். அந்த வழியில் ஈரோட்டில் மனுக் கொடுக்க ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கருவிகள் மீது எனக்குக் கோபம் இல்லை. மேப் பக்கமும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம். இரண்டையும் இப்போது நாங்களே பார்த்துக்கொள்கிறோம். யாரிடமாவது வேலை கொடுப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள்: இணையதளப் பெயர், விளம்பரக் கணக்கு, மேப் பக்கம் எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்கி, வேலை செய்ய வருபவருக்கு வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் உள்ளிருந்து கொடுங்கள். விளம்பரப் பணத்தை உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு உங்கள் கார்டிலிருந்தே மெட்டாவுக்கும் கூகுளுக்கும் நேராகக் கட்டுங்கள். ஓடிபி கேட்டால், எதற்கு என்று தெரியும்வரை சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் பட்டியலைக் கோப்பாகக் கையில் கொடுக்காதீர்கள்.

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று கேட்டு, பில் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். ஞாயிறு இரவு அதைக் கூட்டிப் பார்க்கிறோம். பலகையில் பழைய எண்ணுக்குக் கீழே வாட்ஸ்அப்புக்கு வேறு எண் என்று எழுதியாயிற்று. பழைய எண் அச்சான பைகள் இன்னும் நான்காயிரம் இருக்கின்றன. சரக்கைக் கட்டித் தரும்போது ஒவ்வொன்றின் மீதும் புதிய எண்ணை ஒட்டிக் கொடுக்கிறோம்.