பழைய புல்டோசரின் கியர்பாக்ஸ்: அளப்பதா, பிரிப்பதா?

வாலிநோக்கம் உப்பளப் பகுதியில் கரை கட்டும் பழைய பவர்ஷிஃப்ட் (ஆயில் அழுத்தத்தால் கிளட்சுகளை இறுக்கிக் கியர் மாற்றும்) புல்டோசர், எஞ்சின் முழங்கியும் நகரத் தயங்கினால், கியர்பாக்ஸை உடனே பிரித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. பிரித்தால் தேய்ந்த கிளட்ச் பிளேட்டுகளைக் கண்ணால் காணலாம் என்பது உண்மையே; ஆனால் உப்புக்காற்றும் கடல்மணலும் வீசும் திறந்தவெளியில் அதைச் செய்வது, இல்லாத கோளாறை விலைகொடுத்து வாங்குவதாகும். ஆயில் சூடேறிய பின் பிரஷர் கேஜைப் (அழுத்தமானியைப்) பொருத்தி ஒவ்வொரு கியரிலும் ஆயில் அழுத்தத்தை அளப்பதையே முதலில் செய்ய வேண்டும் என்பேன். எல்லாக் கியர்களிலும் அழுத்தம் குறைந்தால் ஆயில் மட்டம், அடைத்த ஸ்ட்ரெய்னர் (ஆயிலை வடிகட்டும் சல்லடை), பம்ப், ரிலீஃப் வால்வு (மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ரிவர்ஸில் மட்டும் குறைந்தால், ரிவர்ஸுக்கான கிளட்சின் சீல் கசிய வாய்ப்புண்டு. ஸ்ட்ரெய்னர் காந்தத்தில் இரும்புச் சீவல்கள் ஒட்டியிருந்தால் மட்டும், கேஜ் என்ன காட்டினாலும், கூரையுள்ள பட்டறைக்கு ஏற்றிச்சென்று பிரித்துவிடுவதே நல்லது.