இரட்டை அறை பேஸ்மேக்கர்: படி ஏறினால் தூங்குகிறது, இறங்கினால் ஓடுகிறது

கடையில் எடுத்துப் பார்த்து வாங்க முடியாத பொருள் இது. மாடலைத் தேர்ந்தெடுத்தது டாக்டர், கையெழுத்துப் போட்டது மட்டும் நான். அப்படியிருக்க விமர்சனம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இருபத்துநாலு மணி நேரமும் உபயோகத்தில் இருக்கிறது, அது போதாதா? தவிர, வேலைக்காலம் முழுக்க சர்க்யூட் போர்டு பழுது பார்த்தவன் நான். இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க முடியவில்லையே என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

என் கோளாறு சைனஸ் கணுவில். இதயத் துடிப்பு கிளம்பும் இடமே அதுதான். உட்கார்ந்திருந்தாலும் நிமிஷத்துக்கு 40, வேகமாக நடந்தாலும் 45 என்று அது சோம்பிக் கிடந்தது. நடுநடுவே சில நொடி அப்படியே நின்றும் போகும். கண் இருட்டிக்கொண்டு வரும். அதற்குத்தான் இதயத்தின் மேலறையில் ஒரு லீட், அதாவது துடிப்பைக் கொண்டுபோகும் ஒயர், கீழறையில் ஒரு லீட், காறை எலும்புக்குக் கீழே அந்தத் துடிப்பைத் தரும் டைட்டானியம் பெட்டி. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இங்கே சொல்வதில் பெரும்பகுதி எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும்.

முதலில் பெட்டி. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. 1958 அக்டோபர் 8-ம் தேதி ஸ்டாக்ஹோம் அருகே கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓகெ சென்னிங் என்ற அறுவை மருத்துவர் ஆர்னெ லார்சன் என்பவருக்கு வைத்ததுதான், முழுக்க உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர். செய்தவர் ரூனெ எல்ம்க்விஸ்ட், எஞ்சினியர். எப்பாக்ஸி பிசினை ஊற்றி வார்க்க ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துக்கொண்டார். சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. தயாராக இருந்த இன்னொன்றை வைத்தார்கள். லார்சன் அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை மாற்றிக்கொண்டு, மருத்துவர், எஞ்சினியர் இருவர் காலத்துக்குப் பிறகும் இருந்து, 2001-ல் தன் 86-வது வயதில்தான் போனார். ஒரே வாடிக்கையாளர் இருபது முறைக்கு மேல் திரும்ப வந்திருக்கிறார் என்றால் அதைவிடப் பெரிய சிபாரிசு எது?

எனக்குப் பிடித்தவர் என்னவோ அமெரிக்க எஞ்சினியர் வில்சன் கிரேட்பேட்ச்தான். இதய ஒலியைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டிய இடத்தில் 1 மெகா ஓம் போட்டுவிட்டார். சர்க்யூட் ஒரு துடிப்பு, ஒரு நொடி ஓய்வு, மறுபடி ஒரு துடிப்பு என்று இதயம் மாதிரியே அடிக்க ஆரம்பித்தது. அவருடைய பேஸ்மேக்கர் பிறந்தது அதிலிருந்துதான். கலர் கோடு மாறிப் போன ரெசிஸ்டரை நானும் எத்தனையோ போர்டில் பார்த்திருக்கிறேன், ஒன்றிலிருந்தும் இப்படி எதுவும் பிறக்கவில்லை. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அந்த ரெசிஸ்டர் இல்லை, பேட்டரி. அப்போது இருந்த பாதரச பேட்டரி சுமார் இரண்டு வருடம்தான் தாங்கும். வாயு வேறு கசியும் என்பதால் பெட்டியை முழுதாக மூடவும் முடியாது. 1970-களில் லித்தியம்-அயோடின் வந்த பிறகுதான் உலோகப் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் பற்றவைத்து மூட முடிந்தது. இன்றைய பெட்டிகள் பத்து வருடம் பக்கம் ஓடுவதற்கு வழி பிறந்தது அங்கேதான்.

லீட் விஷயத்தில் என் மதிப்பெண் குறையும். எந்த மின்சாதனத்திலும் முதலில் போவது ஒயர்தான். இந்த ஒயரோ ஒவ்வொரு துடிப்புக்கும் வளைந்து நிமிர்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கப்பில் நான் முதலில் கேட்பதே லீட் இம்பிடன்ஸ், அதாவது அதன் மின்தடை, எவ்வளவு என்பதுதான். என்னுடையது 500 ஓம் சுற்றி நிற்கிறது. திடீரென்று எகிறினால் உள்ளே கம்பி முறிந்திருக்கலாம், சரிந்தால் மேலுறை கிழிந்திருக்கலாம். எண்ணைவிட அது முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா என்பதே முக்கியம். பிரிண்ட் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செட்டிங். இதைத்தான் ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை: நாம் குடித்தனம் நடத்துவது பெட்டியோடு இல்லை, அதன் செட்டிங்கோடு. புதிதாக வைக்கும்போது லீட் முனை பதிந்த இடம் கொஞ்சம் வீங்கும் என்பதால் வோல்டேஜைத் தாராளமாக வைத்து அனுப்புவார்கள். மூன்று மாதம் வாக்கில் இடம் ஆறியதும் குறைக்கலாம். வோல்டேஜ் பாதியானால் ஒரு துடிப்புக்குச் செலவாகும் சக்தி கால்வாசியாகும். 5 வோல்ட்டுக்குப் பதில் இரண்டரை போதும் என்றால் பேட்டரிக்குக் கிடைக்கும் ஆயுளை யோசித்துப் பாருங்கள். சில மாடல்கள் தாமே சோதித்துக் குறைத்துக்கொள்ளும். எதற்கும் கேட்டுவிடுவது நல்லது.

என் பெரிய புகார் நடை சென்சார் மேல். சைனஸ் கணு தானாக வேகம் கூட்டாதவர்களுக்கு பெட்டிதான் கூட்ட வேண்டும். நாம் நடக்கிறோமா, படுத்திருக்கிறோமா என்று அது எப்படியாவது தெரிந்துகொண்டாக வேண்டும். என்னுடையதில் இருப்பது உடல் அசைவை உணரும் சென்சார். நெஞ்சு குலுங்கினால் வேகம் கூடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மாடிப்படி ஏறும்போது நாம் மெதுவாக, அழுத்தி ஏறுகிறோம், குலுக்கல் குறைவு. இறங்கும்போது தொம் தொம் என்று இறங்குகிறோம். விளைவு, மூச்சு வாங்க ஏறுகையில் 75, சும்மா இறங்குகையில் 100. ஒரே இடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளில் கால் ஓயும்வரை மிதித்தாலும் நெஞ்சு அசையாது, அதனால் பெட்டியைப் பொறுத்தவரை நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மேடு பள்ளமான சாலையில் பஸ்ஸில் போனாலோ, ஓடிக்கொண்டிருக்கிறேன்!

இதைச் சொன்னபோது முதலில் பார்த்தவர் "எல்லாம் நார்மல், பழகிவிடும்" என்றார். பழகவில்லை. அடுத்த செக்கப்பில் வேறொரு டெக்னீஷியன், செட்டிங் மாற்றும் கருவியான புரோகிராமரை ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க சார், வராந்தாவில் நடங்க" என்றார். நடக்க நடக்க என் வேகம் எப்படி ஏறுகிறது என்று பார்த்து, சென்சார் விழிக்கும் அளவைத் தாழ்த்தி, ஏற்றத்தின் சரிவைக் கூட்டி, உட்கார்ந்ததும் வேகம் சட்டென விழாமல் மெல்ல இறங்கும்படி வைத்தார். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் ஆகியிருக்காது. அன்று மாலையே இரண்டாவது மாடிக்கு நடுவில் நிற்காமல் போனேன். பெட்டி அதே பெட்டி. சைக்கிள் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு சென்சாரின் வகையே மாற வேண்டும். மூச்சின் அளவை நெஞ்சுக்கூட்டின் மின்தடை மாற்றத்தை வைத்துக் கணிக்கும் மாடல்கள் இருக்கின்றன. இதயத் தசை எப்படிச் சுருங்குகிறது என்பதைப் பார்த்து, பதற்றத்துக்கும் வேகம் கூட்டும் மாடல்களும் இருக்கின்றன. வைப்பதற்கு முன்பு யாராவது "நீங்கள் சைக்கிள் மிதிப்பவரா?" என்று கேட்டிருக்கலாம்.

கட்டிலருகே வைக்கும் மானிட்டர் பற்றி: இரவில் பெட்டியோடு பேசி விவரத்தை மருத்துவமனைக்கு அனுப்பும். பச்சை விளக்கு எரியும். எனக்குக் கிடைக்கும் தகவல் அந்தப் பச்சை விளக்கு மட்டும்தான். என் நெஞ்சின் கணக்கு எனக்கு வராதாம். கம்பெனிக்குப் போன் செய்தால் மருத்துவமனையைக் கேள் என்கிறார்கள். இன்னொன்று, அது யாரோ உட்கார்ந்து நேரலையாகப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

செல்போன் பயம் ரொம்பவே மிகைப்படுத்தப்பட்டது. சட்டைப் பையில், பெட்டிக்கு மேலேயே வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் சரி. காந்தம்தான் உண்மையான விஷயம்: மேலே வைத்தால் பெரும்பாலான பெட்டிகள் இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே நிலையான வேகத்தில் அடிக்க ஆரம்பிக்கும், எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்தால் பெட்டி மட்டும் அதற்கு ஏற்றதாக இருந்தால் போதாது, லீட்களும் ஏற்றவையா என்று பேஸ்மேக்கர் அடையாள அட்டையில் பார்க்க வேண்டும்.

லீடே இல்லாத, மாத்திரை அளவுள்ள பேஸ்மேக்கர் ஏன் வைக்கவில்லை என்று கேட்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாடல் கீழறையில் மட்டும் துடிப்புத் தரும்; என் தேவை மேலறையில். இரண்டு அறைக்கும் இரண்டு மாத்திரை என்ற ஏற்பாட்டுக்கு 2023-ல்தான் அங்கே அனுமதி வந்தது. கீழறையில் எந்நேரமும் துடிப்பு தேவைப்படுபவர்களுக்கு, இதயத்தின் சொந்த மின்பாதையிலேயே லீடைப் பதிக்கும் முறை நன்றாக வளர்ந்துவருகிறது. வலது கீழறையின் நுனியிலிருந்தே காலமெல்லாம் துடிப்புத் தந்தால் சிலருக்கு இதயம் தளர்ந்துவிடுகிறது என்பதுதான் காரணம். இந்த ஆராய்ச்சியில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் பென்சில்வேனியாவில் கைசிங்கர் மருத்துவமனையின் புகழேந்தி விஜயராமன். பெயரைப் பார்த்ததும் கட்டுரையை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன். எனக்கோ பெட்டி கீழறைக்குத் துடிப்புத் தருவது ஒரு சதவீதம்கூட இல்லை, ஆகவே இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை.

பெட்டிக்கு ஐந்துக்கு ஐந்து. லீடுக்கு நாலு. சென்சாருக்கு முதலில் இரண்டு, வராந்தா நடைக்குப் பிறகு மூன்றரை. மானிட்டருக்கு ஒன்று, அதுவும் பச்சை விளக்குக்காக. பேட்டரி தீரும்போது லீட்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். அதே லீட்களில் பொருந்துமானால் மூச்சை உணரும் வகை வேண்டும் என்று என் ஃபைலில் இப்போதே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.