புகை அலுமாரி செய்து தந்த பட்டறை பற்றி

கிளிநொச்சியில் ஏ.எல் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஆய்வுகூடத்துக்கு, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஒரு புகை அலுமாரி, பியூம் ஹூட் என்றால்தான் பட்டறைக்காரருக்கு விளங்கும், செய்விக்க வேண்டியிருந்தது. வவுனியாப் பக்கம் ஓரிடத்தில் கொடுத்தோம். பெயர் வேண்டாம்.

அலுமாரி நல்ல வேலை. முன் கண்ணாடி ஒரு விரலால் தூக்கினாலும் ஏறும், விட்ட இடத்தில் நிற்கும், மூட்டுகளில் சிலிக்கன் ஒழுங்காக இழுத்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சாமானில் பெட்டி பாதிதான், மிச்சம் காற்று. அதில்தான் பாஸ் கோட்டை விட்டார்.

குசினிச் சுவரில் போடுகிற எக்ஸோஸ்ட் ஃபேனை அலுமாரிக்கு நேர் மேலே பூட்டிவிட்டுப் போனார். திறந்த ஓட்டையால் காற்றைத் தள்ள அது போதும், நீளக் குழாயும் இரண்டு எல்போ வளைவும் வந்தால் சும்மா சுற்றும். ஊதுபத்தி கொளுத்தி அலுமாரியின் திறப்பில் பிடித்தேன், புகை என் முகத்துக்கே வந்தது. கணக்கு பெரிசில்லை: திறப்பு 1.2 மீற்றர் அகலம், 0.5 மீற்றர் உயரம், காற்று செக்கனுக்கு 0.5 மீற்றர் வேகத்தில் உள்ளே போக வேண்டும் என்றால் மணிக்கு 1080 கன மீற்றர். அதை, குழாயின் எதிர்ப்பையும் தாண்டி இழுக்கிற புளோவர் வேண்டும். முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும், சரி, அது என் பிழை.

கோல் எடுத்ததும் மறுகிழமையே வந்தார். புளோவரைக் கூரைக்கு மேல், குழாயின் கடைசியில் பூட்டச் சொன்னேன். அப்போதுதான் அறைக்குள் இருக்கிற குழாய் முழுக்க உறிஞ்சலில் இருக்கும், எங்காவது வெடிப்பு வந்தாலும் புகை வெளியே கசியாமல் அறைக் காற்றுத்தான் உள்ளே போகும். தகரக் குழாயையும் கழற்றி பிவிசி போட்டார், ஐதரோகுளோரிக்கமில ஆவி தகரத்தைத் தின்றுவிடும். சாமான் காசு மட்டும் வாங்கினார், கூலி வாங்கவில்லை.

"மழைத்தண்ணி இறங்கும் சேர்" என்று உச்சியில் ஒரு தொப்பி வைத்தார் பாருங்கள், அதைக் கழற்ற வைக்கத்தான் பெரும்பாடு. தொப்பி புகையைக் கீழே திருப்பும், சோளகக் காற்று அடிக்கும் நாளில் அது வகுப்பு ஜன்னலால் திரும்பி வரும். மாரித் தண்ணீர் போக அடியில் ஒரு சின்ன வடிகால் போதும்.

இப்போது ஊதுபத்திப் புகை நேரே உள்ளே இழுபடுகிறது, ஐதரசன் சல்பைட்டு நாற்றமும் வகுப்புக்கு வருவதில்லை. ஆனால் சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும், ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எந்தக் காற்றை உறிஞ்சும்? சத்தமும் கூட, பின்வரிசைக்குக் கத்தித்தான் படிப்பிக்கிறேன்.

பெட்டிக்கு 5க்கு 4.5. காற்றுக்கு முதல் தடவை 1, இரண்டாம் தடவை 4. கொடுப்பதென்றால் புளோவரின் கணக்கை எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.