மன்னிப்புக் கடிதமா, விளக்கக் கடிதமா?

திருநெல்வேலிப் பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு முறை, நிர்வாகம் விளக்கம் கேட்டுத் தரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வாங்கியிருக்கிறேன். முதல் முறை, ஒரு சண்டைக்காக வந்ததற்கு, மன்னிப்புக் கடிதம் கொடுத்தேன். இரண்டாம் முறை விளக்கக் கடிதம்.

மன்னிப்பின் சௌகரியம் தெரிந்ததுதான். “நாலு வரி எழுதிக் கொடுங்கள் அண்ணாச்சி, எச்சரிக்கையோடு முடித்துவிடலாம்” என்றார் பணியாளர் அலுவலர். மறுநாளே ஷிப்டுக்குப் போய்விட்டேன். சம்பளம் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

வினை மூன்று ஆண்டு கழித்து வந்தது. மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி கேட்டு மனுக் கொடுத்தேன். பத்தாம் நாள், இரவு ஷிப்டில் மெஷினை விட்டு அகன்றதாகக் குறிப்பாணை. அதன் கடைசிப் பத்தியில் என் பழைய கடிதமே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது: ‘ஏற்கெனவே தவற்றை ஒப்புக்கொண்டவர்’. தண்டனையை முடிவு செய்யும்போது முந்தைய பதிவையும் பார்க்க நிலையாணைகள் (ஆலையின் பணி விதிகள்) இடம் தருகின்றன. அந்த நாலு வரி கோப்பை விட்டு நகரவே நகராது என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனைக்கும், அன்று சண்டையை ஆரம்பித்தவன் நானல்ல!

இந்த முறை ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக மறுப்பு எழுதினேன். பதிவேட்டின் நகலும், விசாரணைக்குத் துணையாக ஒரு சக தொழிலாளியும் கேட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தினேன். (2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள்.) விசாரணையில் என் துணையாள் கேட்டது ஒரே கேள்விதான்: “இவர் கழிப்பறைக்குப் போனபோது மாற்றாள் விட்டது யார்?” மேற்பார்வையாளர் “நான்தான்” என்றார். அது விசாரணைக் குறிப்பில் ஏறியது.

இதற்குக் கொடுத்த விலை, நான்கு மாதத் தற்காலிகப் பணிநீக்கம். 1981ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி, அந்தக் காலத்துக்குத் தரும் பிழைப்பூதியம் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். தீபாவளி அந்தப் பாதிச் சம்பளத்தில் வந்தது. பிள்ளைகளை டவுன் கடைகளுக்கு அழைத்துப் போகவில்லை. முடிவில் குற்றம் நிரூபணமாகவில்லை என்று எழுதிவிட்டு, ‘இனி கவனமாக இருக்கவும்’ என்று ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்கள். இரண்டு முறையும் எச்சரிக்கைதான். ஆனால் இரண்டாவதன் அடியில் அந்த ‘நான்தான்’ இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றம் வரை போயிருந்தால் அந்தத் தாள்தான் எனக்காகப் பேசியிருக்கும்.

உண்மையிலேயே தவறு செய்தவருக்கு மன்னிப்பே மேல் என்று தோன்றுகிறது. அதை நான் சோதித்துப் பார்த்ததில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு என் வழி எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்லவும் தயங்குகிறேன். எங்கள் ஆலையில் அவர்களுக்குக் குறிப்பாணை வந்து நான் பார்த்ததில்லை, கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.