எம்ஜிபி டேஷ்போர்டு: ஒவ்வொன்றாகக் கழற்றுவதா, முழுசாக இறக்குவதா?

என் வண்டி 1966 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரும்புத் தகட்டு டேஷ்போர்டு, அதன்மேல் சுருக்கம் சுருக்கமாகக் கருப்புப் பெயின்ட். அதை இரண்டு விதமாகவும் கழற்றிப் பார்த்துவிட்டேன்.

எந்த வழியானாலும் முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுப்பது. சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். பிரவுன் ஒயரில் சாவி போடாமலேயே கரன்ட் ஓடும், அதற்கு பியூஸும் கிடையாது.

மீட்டர்களை ஒவ்வொன்றாக எடுப்பது கேட்க எளிது. பின்பக்கம் ஒரு வளைந்த தகடும், விரலால் திருகும் நட்டும்தான் மீட்டரைப் பிடித்திருக்கின்றன. ஆனால் அந்த நட்டைத் தொட, சீட்டைக் கழற்றி ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, தடவித் தடவித்தான் வேலை. ஐம்பது வருடம் தாண்டிய ஒயரின் உறை, குளிர்நாளில் கை பட்டாலே அப்பளமாக நொறுங்குகிறது. ஒரு மீட்டரை எடுக்கப்போய் மூன்று ஒயரைக் கெடுத்துக்கொண்டேன்.

முழுசாக இறக்குவது பெரிய வேலை. ஸ்டியரிங் தண்டைத் தளர்த்தி, மேல் விளிம்பு நட்டுகளை எடுத்து, ஒயர் ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். ஹீட்டர் குமிழைப் பிளையரால் இழுக்காதீர்கள். குமிழில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் மெல்லிய ஆணியை அழுத்தினால் தானாகவே கழன்று வரும். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரின் முதுகில் வெள்ளை ஒயர் ஒரு சுற்றுச் சுற்றிப் போகிறது. அது எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள், மாற்றிச் சுற்றினால் முள் அசையாது.

இரண்டு வழியிலும் உயிரை வாங்குவது ஆயில் பிரஷரையும் தண்ணீர்ச் சூட்டையும் சேர்த்துக் காட்டும் மீட்டர்தான். சூட்டுக்கான மெல்லிய குழாயில் ஈதர் என்ற சட்டென ஆவியாகும் திரவம் அடைத்திருக்கும், மீட்டரிலிருந்து இன்ஜினின் சிலிண்டர் ஹெட் வரை ஒரே குழாய். நடுவில் பிரிக்க முடியாது. வெட்டினாலோ மடங்கினாலோ மீட்டர் செத்துப்போகும். முதல் தடவை, மல்லாந்து படுத்த நிலையில் மீட்டரை முன்பக்கம் இழுத்தபோது குழாயை மடக்கிவிட்டேன். புதுக் குழாய் வைத்து ஈதர் நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், செலவுதான் அதிகம்.

முழுசாக இறக்குகிறவருக்கு இந்த இடத்தில் குறுக்கு வழியே இல்லை. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஹெட்டிலிருக்கும் நட்டுக்கு முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு, குழாய் கூடவே முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துத் திருக வேண்டும். அப்படிச் செய்த இரண்டாம் தடவை எதுவும் உடையவில்லை.

அதனால் பெயின்ட்டோ ஒயரிங்கோ செய்வதாக இருந்தால் நான் முழுசாகத்தான் இறக்குவேன். ஸ்பீடோமீட்டர் மட்டும் நின்றுபோயிருந்தால் படுத்துக்கொண்டே எடுத்துவிடலாம்.

ஆயில் குழாய் மீட்டரில் சேரும் மூட்டுக்குள் சட்டைப் பித்தானைவிடச் சிறிய தோல் வாஷர் ஒன்று இருக்கும். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு அந்த மூட்டைத் திறவுங்கள்.