துணி டயப்பருக்கு எந்தச் சலவைத்தூள்? உப்புத் தண்ணீர் வீட்டிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

துணி டயப்பரைத் துவைக்க எந்தச் சோப்புத்தூள் நல்லது என்ற கேள்விக்கு ஒரு பெயரை மட்டும் பதிலாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என் மகள் பிறந்த சில வாரங்களிலிருந்து அவள் தானாகக் கழிவறைக்குப் போகப் பழகும்வரை, இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக, கோயம்புத்தூரில் உள்ள எங்கள் வீட்டில் துணி டயப்பரைத்தான் பயன்படுத்தினோம். பூந்திக்கொட்டை, குழந்தைத் துணிக்கென்று விற்கும் திரவம், கட்டிச் சோப்பு, வாஷிங் மெஷினுக்கான தூள் என்று பலவற்றில் துவைத்துப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாமல் தூளைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஓர் ஊரில் நன்றாக வேலை செய்யும் தூள் இன்னோர் ஊரில் டயப்பரை நாறவிடுவதற்கும், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு தாய்மார்கள் நேர் எதிரான அனுபவங்களைச் சொல்வதற்கும் பெரும்பாலும் தண்ணீரே காரணம்.

கோவைக்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணித் தண்ணீர், துவைக்கவும் கழுவவும் போர்வெல் உப்புத் தண்ணீர் என்று இரண்டு தொட்டிகளோடு வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். அந்த உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் சலவையைக் கெடுக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 10500, இவ்விரண்டின் அளவைக் குறிக்கும் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் வகுத்திருக்கிறது. சிறு குப்பியில் தண்ணீரை எடுத்து, அது சிவப்பிலிருந்து நீலமாக மாறும்வரை மருந்தைத் துளித்துளியாக விட்டு எண்ணும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். எங்கள் போர்வெல் தண்ணீர் 600-ஐத் தாண்டியது. சிறுவாணித் தண்ணீர் 50-ஐக்கூட எட்டவில்லை. டயப்பர் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை முதலில் இந்தச் சோதனைக்குச் செலவிடுங்கள் என்றுதான் புதிய பெற்றோர் எல்லோரிடமும் சொல்கிறேன். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். பலர் வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுமே தவிர, அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

எங்கள் அத்தை தம் பிள்ளைகள் மூவரையும் பழைய வேட்டித் துணியில் வளர்த்தவர். கிணற்றடித் துவைகல்லில் கட்டிச் சோப்புப் போட்டுக் கசக்கி, அலசி, வெயிலில் விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்பார். அவர் சொன்னது அந்தத் துணிக்கு முற்றிலும் சரி. ஒற்றை அடுக்குப் பருத்தியில் சோப்பும் தங்காது, அழுக்கும் தங்காது. இரண்டு முறை அலசினால் எல்லாம் போய்விடும். இன்றைய துணி டயப்பரின் உள்ளே வைக்கும் இன்சர்ட் அப்படிப்பட்டதன்று. நான்கைந்து அடுக்குப் பருத்தியோ சணல் வகைத் துணியோ மைக்ரோஃபைபரோ ஒன்றாகத் தைக்கப்பட்டு, இரவு முழுவதும் வரும் சிறுநீரை உறிஞ்சி உள்ளே பிடித்துவைப்பதற்கென்றே செய்யப்பட்டது. உறிஞ்சிப் பிடித்துவைக்கும் துணி சோப்பையும் அழுக்கையும் அதே போலப் பிடித்துவைக்கும். கட்டிச் சோப்பு உப்புத் தண்ணீரில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிறது. வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அந்தப் பிசுக்கு இன்சர்ட்டின் நடு அடுக்குகளில் படிந்தால் அலசி எடுக்க வழியில்லை. எனவே போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டில் டயப்பருக்குக் கட்டிச் சோப்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குழந்தைத் துணிக்கென்று விற்கும் மென்மையான திரவங்களும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் டயப்பர் விற்பவர்களால் அதிகம் பரிந்துரைக்கப்படுகின்றன. அவற்றின் மீது எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. மகளின் சட்டைகளையும் தூளித் துணியையும் இன்றுவரை அத்தகைய திரவத்தில்தான் துவைக்கிறேன். ஆனால் பூந்திக்கொட்டையில் நுரையைத் தரும் சப்போனின் இலேசான அழுக்கையே எடுக்கக்கூடியது. நாங்கள் வாங்கிய குழந்தைத் திரவத்தில் அழுக்கைச் சிதைக்கும் என்சைமும் இல்லை, தண்ணீரின் கடினத்தன்மையைச் சமாளிக்கும் பொருளும் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் மாதங்களில் மலம் தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடுவதால் எதில் துவைத்தாலும் சுத்தமானது போலவே இருக்கும். குழந்தை இட்லியும் பருப்புச் சாதமும் சாப்பிடத் தொடங்கி, இரவில் நீண்ட நேரம் உறங்கத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது.

எங்கள் வீட்டில் அந்த மாற்றம் முதலில் வாடையாகத் தெரிந்தது. துவைத்துக் காயவைத்த இன்சர்ட்டில் எந்த வாடையும் இருக்காது. ஆனால் இரவு கட்டிவிட்டுக் காலையில் கழற்றும்போது கண்ணில் நீர் வரவைக்கும் அம்மோனியா நெடி எழும். சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. இரவு முழுவதும் ஊறிய துணியில் ஓரளவு நெடி இயல்புதான். ஆனால் புதிதாக நனைந்த சில மணி நேரத்துக்குள்ளேயே அந்த நெடி வந்தால், முந்தைய சலவையில் போகாத அழுக்கும் கிருமிகளும் உள்ளே தங்கியிருக்கின்றன என்று பொருள். அதோடு இன்சர்ட் அட்டை போல விறைத்தது. மேலே விட்ட தண்ணீர்த் துளி உடனே உள்ளே இறங்காமல் முத்தாக நின்றது. மகளின் தொடை இடுக்கில் சிவப்புத் தடிப்பும் வந்தது. குழந்தைநல மருத்துவரிடம் காட்டியபோது, மருந்தோடு கூட, ஈரம் படும் நேரத்தைக் குறைக்கவும் துவைக்கும் முறையைக் கவனிக்கவும் சொன்னார்.

அதன் பிறகு நான் மாறியது வாஷிங் மெஷினுக்கான சாதாரண என்சைம் தூளுக்கு. எங்களிடம் இருப்பது முன்பக்கம் திறக்கும் மெஷின் என்பதால் சர்ஃப் எக்செல் மேட்டிக், ஏரியல் மேட்டிக் ஆகியவற்றின் முன்பக்க மெஷினுக்கான தூள்களை மாற்றி மாற்றிப் பல மாதங்கள் பயன்படுத்தினேன். இரண்டிலும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. இரண்டுமே எங்கள் தண்ணீரில் டயப்பரை உண்மையாகவே சுத்தமாக்கின. திரவத்தைவிடத் தூளை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் உள்ள கால்சியத்தைச் சமாளிக்கும் துணைப்பொருள்களைத் தூளில் தாராளமாகச் சேர்க்க முடியும். தண்ணீரில் கரைந்ததும், கறையை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும் பெர்கார்பனேட் போன்றவற்றையும் தூளில்தான் கெடாமல் வைத்திருக்க முடியும். என்சைம்களில் புரோட்டியேஸ் மலத்தில் உள்ள புரதத்தையும், லைப்பேஸ் கொழுப்பையும், அமைலேஸ் சோறு, கஞ்சி ஆகியவற்றின் மாவுச்சத்தையும் துண்டாக்குகின்றன. குழந்தையின் டயப்பரில் இருப்பவையும் இவையே.

என்சைம் என்றதும் குழந்தையின் தோலை அரித்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் பலர். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களின் இறுதியில் சலவைத்தூள் தொழிற்சாலைகளில் என்சைம் பொடியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஒவ்வாமையும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டன. அதன் பின்னர்தான் என்சைமைப் பொடியாக விடாமல், தூசி கிளம்பாத சிறு மணிகளாக்கி, மேலே பூச்சிட்டுத் தூளில் சேர்க்கத் தொடங்கினார்கள். வீட்டில் துவைத்து நன்றாக அலசிய துணியில் தங்குவது மிகச் சொற்பமே. எங்கள் மகளுக்கு என்சைம் தூளுக்கு மாறிய பிறகுதான் தடிப்பு அடங்கியது. மருந்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாசனை குறைந்த தூளைத் தேடுவதும், ஓர் அலசல் கூட்டுவதும் நல்லது. டயப்பருக்குக் கம்பளியால் ஆன வெளிக் கவர் வைத்திருப்பவர்கள் அதை மட்டும் புரோட்டியேஸ் உள்ள தூளில் போடக் கூடாது. கம்பளி முழுவதும் புரதம் என்பதால் அதையும் அந்த என்சைம் அரிக்கும்.

தூளின் அளவைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துணி டயப்பருக்கு அரைக் கரண்டி போதும், அதிகம் போட்டால் உறிஞ்சும் தன்மை போய்விடும் என்ற அறிவுரை பல டயப்பர்ப் பொட்டலங்களில் அச்சிடப்பட்டிருக்கிறது. மென்னீர் உள்ள ஊருக்கு அது பொருந்தலாம். 600-ஐத் தாண்டிய தண்ணீரில் அரைக் கரண்டித் தூளைப் போட்டால் அதில் பெரும்பகுதி கால்சியத்தைக் கட்டுப்படுத்துவதிலேயே தீர்ந்துவிடும். அழுக்கை எடுக்க எதுவும் மிஞ்சாது. தூள் பெட்டியில் அதிக அழுக்குக்கும் கடின நீருக்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும் முழு அளவையே நான் போட்டேன். அலசலில்தான் சிக்கனம் பார்க்கவில்லை. கடைசி அலசல் தண்ணீரில் நுரை இல்லை என்று மெஷின் கண்ணாடி வழியே தெரியும்வரை அலசவிட்டேன். கோடைக்காலத் தண்ணீர்ப் பஞ்சத்தில் இது எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் டயப்பர் அலசிய தண்ணீரைப் பிடித்துக் கழிவறைக்குப் பயன்படுத்தினோம்.

துவைக்கும் முறை சுருக்கமாக இதுதான். மலத்தைக் கழிவறைக் குழாயின் பீய்ச்சும் தண்ணீரால் உடனே தள்ளிவிட வேண்டும். அழுக்கு டயப்பரை வாளித் தண்ணீரில் ஊறவைக்காமல், காற்றோட்டமான கூடையில் உலர்வாக வைத்திருந்து, ஒன்றுவிட்ட ஒரு நாள் துவைத்தோம். கொஞ்சம் தூளோடு முதலில் ஒரு சிறு சலவை. அது சிறுநீரையும் மேலழுக்கையும் கொண்டுபோய்விடும். பிறகு முழு அளவுத் தூளோடு நீண்ட சலவை. இன்சர்ட்டுகளுக்கு 60 டிகிரி. நீர் கசியாமல் காக்கும் பாலியூரித்தேன் பூச்சுள்ள கவர்களுக்கு 40 டிகிரிக்கு மேல் போகவில்லை, ஏனெனில் சூடு மிகுந்தால் பூச்சு துணியைவிட்டு உரியத் தொடங்கும். மெஷினின் டிரம் முக்கால் பங்கு நிறைந்திருப்பது அவசியம். நான்கு டயப்பர் மட்டும் தண்ணீரில் மிதந்தால் ஒன்றோடொன்று உரசாது, அழுக்கும் போகாது. துண்டுகளையும் மற்றச் சிறு துணிகளையும் சேர்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

பழைய படிவு ஏறிய இன்சர்ட்டுகளைத் தூக்கியெறிய மனம் வரவில்லை. படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் என்பதால் அதைக் கரைக்க அமிலம் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, சிறுவாணித் தண்ணீரில் கரைத்து, இன்சர்ட்டுகளை மட்டும் அதில் ஊறவைத்தேன். சோப்புப் பிசுக்கு அமிலத்தால் கொழுப்பு அமிலமாக மாறித் துணியிலேயே நிற்கும் என்பதால், அலசிய பின் உடனே என்சைம் தூளில் சூடான சலவை ஒன்றும் தேவைப்பட்டது. விறைப்புப் போய், துணி மீண்டும் தண்ணீரை இழுத்தது. எலாஸ்டிக் உள்ள கவர்களுக்கு இது ஆகாது. இன்சர்ட்டுக்கும் அடிக்கடி செய்யத் தேவையில்லை. குளோரின் பிளீச்சோடு எந்த அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் துணியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைப்பதால் அதையும் விலக்கினோம். கிருமிநாசினித் திரவத்தில் முக்கி எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அழுக்குப் போகாத துணியில் அது நெடியைச் சில மணி நேரம் மறைக்குமே தவிர வேறு பயன் இல்லை. டயப்பர் தடிப்புக்குப் பூசும் துத்தநாகக் களிம்பும் துணியில் ஒட்டி நீரைத் தள்ளும். களிம்பு பூசும் நாள்களில் இன்சர்ட்டின் மேல் ஒரு மெல்லிய துணியை விரித்துவிட்டோம்.

மஞ்சள் கறை மட்டும் எந்தத் தூளுக்கும் முழுதாகப் போகவில்லை, அதைப் போக்குவது வெயில். ஈரத்தோடு வெயிலில் விரித்த இன்சர்ட்டில் கறை மாலைக்குள் வெளுத்துவிடும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது துணி விரைவாகக் காய்ந்துவிடும், ஆனால் வானம் மூடியிருப்பதால் கறை அப்படியே நிற்கும். கறை இருப்பது சுத்தமின்மைக்கு அடையாளமன்று. வாடையும் விறைப்பும்தான் கவனிக்க வேண்டியவை.

மகள் டயப்பரை விட்ட பிறகு, நல்ல நிலையில் இருந்தவற்றை அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தங்கையின் குழந்தைக்குக் கொடுத்தேன். எங்கள் தூளையும் எங்கள் அளவையும் அவள் அப்படியே பின்பற்றியதில், அங்குள்ள தாமிரபரணித் தண்ணீரில் நுரை எத்தனை அலசியும் அடங்கவில்லை. அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். இப்போது அதே தூளில், எங்களைவிட ஓர் அலசல் குறைவாக, அவளுடைய டயப்பர்கள் வாடையில்லாமல் இருக்கின்றன.